தெருவாசலில் தாளம் தட்டிய கதை

கதை கேட்க விரும்பாத மனிதர் உலகில் இலர். ஆனால் கதை நம்மிடம் வந்து சேரும் வழிகள் பல. ஒருவர் நூலைத் திறந்து தாமே படித்துக் கொள்கிறார். ஒருவர் கோயில் மண்டபத்தில் அமர்ந்து பாகவதர் சொல்லக் கேட்கிறார். மற்றொருவர் வேடம் புனைந்தோர் ஆடக் கண்டு மகிழ்கிறார். இவையெல்லாம் கதையை நாடி நாம் செல்லும் வழிகள். கதையே நம்மை நாடித் தெருவாசலுக்கு நடந்து வந்த வழியும் ஒன்று இருந்தது. கையில் ஒரு தாளக்கருவி, தோளில் ஒரு துணிமூட்டை, நெஞ்சில் பல்லாயிரம் அடிகள் ஆகிய இவற்றையே முதலாகக் கொண்டு ஊர் ஊராக நடந்த தனிப் பாடகர் அக்கதையைச் சுமந்து வந்தார். அவரைப் பற்றியும், சீன நாட்டுத் தெருக்களில் மூங்கிற் கட்டையைத் தட்டிக் கதை சொன்ன அவருடைய உடன்பிறப்பைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன்.

விழுப்புரம், திண்டிவனம், வானூர், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எங்கள் வட்டாரம் கதைப் பஞ்சம் அறியாதது. திரௌபதியம்மன் கோயில்கள் இங்கு மிகுதி. வேனிற்காலத்தில் அக்கோயில்களில் பாரதம் நடைபெறும். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாடலை இசையோடு பாடிப் பொருள் விரிப்பார். இரவில் விடியும்வரை தெருக்கூத்து நிகழும். அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் சமைத்து நடத்தும் படுகளம் என்று கதை வளர்ந்து தீமிதியில் நிறைவுறும். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்றும், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் தம் பாரதத்தைப் பாடினார் என்றும் கூறுவர். ஆகவே அந்நூல் இந்த நடுநாட்டுக்கு மண்ணுரிமை உடைய நூல்.

பாரதம் ஊர் கூடி, வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, நாள் குறித்து, காப்புக் கட்டி நடத்தும் பெருவிழா. தனிப் பாடகருக்கு இவை ஒன்றும் வேண்டா. அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு வந்து சேர்ந்து, மல்லாட்டையும் ஆய்ந்து மூட்டை கட்டிய பின்னர், மக்கள் கையில் சிறிது தானியமும் மனத்தில் சிறிது ஓய்வும் இருக்கும் நாள் பார்த்து அவர் வருவார். நான் சிறுவனாக இருந்த நாட்களில், அதாவது 1960-களின் இறுதியில், அவருடைய உடுக்கை ஒலி தெருமுனையில் கேட்டதுமே நாங்கள் விளையாட்டை விட்டு ஓடுவோம்.

உடுக்கை எளிய கருவி. இடை சுருங்கிய ஒரு சிறு கூடு, இருபுறமும் தோல், நடுவே இழுத்துக் கட்டிய கயிறு. இடது கை அதன் இடையைப் பிடித்திருக்கும். அக்கயிற்றை இறுக்கினால் ஒலி உயரும். தளர்த்தினால் ஒலி தாழும். வலக்கை விரல்கள் தோலில் விளையாடும். போர் வரும் இடத்தில் அது குதிரைக் குளம்பொலி ஆகும். சாவு வரும் இடத்தில் அதே கருவி விம்மி அழும்.

அவர் உடனே கதையைத் தொடங்கிவிட மாட்டார். முதலில் அத்தெருவின் பெருமையைப் பாடுவார். இந்த வீட்டுத் திண்ணை அகலம், அந்த வீட்டுப் பசு நல்ல பசு, எதிர்வீட்டு அம்மாள் கை தாராளமான கை என்று கண்ணிற் கண்டதையெல்லாம் தாளத்தில் வைத்து அவ்விடத்திலேயே கட்டிப் பாடுவார். பெயர் கேட்டவர்கள் வெளியே வருவார்கள். கூட்டம் சேர்ந்ததும் கதை தொடங்கும். வாளை ஓங்கிய இடத்திலோ குதிரை ஆற்றங்கரையில் தயங்கிய இடத்திலோ கதையை நிறுத்தி, உடுக்கையை மட்டும் மெல்லத் தட்டிக் கொண்டிருப்பார். அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும். முறத்தில் அரிசியும் கேழ்வரகும் வரும். பத்துப் பைசா, இருபது பைசா துண்டில் விழும். வாள் பிறகு இறங்கும்.

அவர் மிகுதியாகப் பாடியது தேசிங்கு ராசன் கதை. அக்கதை எங்கள் வட்டாரத்தின் மண்ணிலேயே விளைந்தது. வரலாறு கூறுவது சுருக்கமானது. செஞ்சிக் கோட்டையை முகலாயர் படை நெடுங்கால முற்றுகைக்குப் பின் 1698 ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து கைப்பற்றியது. பின்னர் பந்தேல இராசபுத்திரராகிய சொரூப் சிங் அதன் தலைவரானார். அவர் இறந்த பின் அவர் மகன் தேஜ் சிங் வடக்கேயிருந்து வந்து பொறுப்பேற்றார். கருநாடக நவாபு சாதத்துல்லா கான் அவ்வுரிமையை ஏற்காமல், கப்பப் பாக்கியைக் கேட்டுப் படை நடத்தினார். 1714 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த போரில் இளைஞராகிய தேஜ் சிங் மாண்டார். கோட்டைக்கு உரியவராக அவர் இருந்த காலம் ஓராண்டும் நிரம்பாதது.

வரலாற்று நூலில் ஒரு பக்கத்துக்கு மேல் இடம் பெறாத இவ்விளைஞரை மக்களின் பாட்டு முந்நூறு ஆண்டுகள் வாழவைத்தது. தேஜ் சிங் தேசிங்கு ஆனார். தந்தையின் பெயர் தேரணி சிங் என்று மாறிற்று. தில்லி பாதுசாவின் குதிரையை எவராலும் அடக்க இயலவில்லை என்றும், தந்தை சிறைப்பட்டார் என்றும், சிறுவன் தேசிங்கு சென்று அக்குதிரையை அடக்கித் தந்தையை மீட்டான் என்றும் பாட்டுக் கூறும். அக்குதிரையே பாராசாரி. போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு சிங்கவரத்து அரங்கநாதரை வணங்கினான் என்றும், வரப்போவதை அறிந்த பெருமான் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்றும் மக்கள் இன்றளவும் கூறுவர்.

அப்பாட்டின் உயிர்நிலை தேசிங்கின் நண்பன் மோவுத்துக்காரன் வரும் இடம். அவன் பெயர் மகமத் கான் என்பர். புதுவைக்கு மேற்கே உள்ள வழுதாவூரில் அவனுக்குத் திருமணம் நடந்து கொண்டிருக்கிறது. அந்நேரத்தில் நண்பனின் ஓலை வருகிறது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நீலவேணி என்னும் குதிரை மீது ஏறுகிறான், களத்தில் மடிகிறான். ஒருவன் அரங்கநாதரைத் தொழுபவன். மற்றவன் அல்லாவைத் தொழுபவன். இருவரையும் ஒரே பாட்டில் வைத்து ஒரே தாளத்தில் அழுதது எங்கள் வட்டாரம். பாடகர் அந்த இடத்தைப் பாடும்போது கோயில் தெருப் பெண்களும் மசூதித் தெருப் பெண்களும் ஒன்றாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டிருக்கிறேன். ஒற்றுமையைப் பற்றி ஆசிரியனாக நான் எத்தனையோ பாடங்கள் நடத்தினேன். அந்த உடுக்கை நடத்திய பாடத்துக்கு அவை இணையாகா.

இத்தனை பெரிய கதையை எழுத்தறியாத ஒருவர் எவ்வாறு நெஞ்சில் வைத்திருந்தார் என்னும் வினா ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இயல்பாக எழும். விடை தாளத்தில் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் பிள்ளைகள் ஓசையோடு ஒப்பித்தார்கள். பொருள் மறந்தாலும் ஓசை மறப்பதில்லை. ஓசையைப் பற்றிக் கொண்டு பொருள் திரும்பி வரும். கதைப் பாடகரின் நிலையும் இதுவே. குதிரை புறப்படுவதற்கு ஒரு வாய்பாடு, ஓலை வருவதற்கு ஒரு வாய்பாடு, தாய் புலம்புவதற்கு ஒரு வாய்பாடு என்று ஆயத்தமான சொற்றொடர்கள் அவரிடம் உண்டு. அடுத்த அடி நினைவுக்கு வரத் தாமதமானால் உடுக்கை இரண்டு சுற்று கூடுதலாக ஒலிக்கும். கேட்பவர் அதனைச் சுவை என்று கொள்வர். பாடகருக்கு அது மூச்சும் நினைவும் திரும்பும் நேரம்.

இதனை மேலைநாட்டு அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்கப் பேராசிரியர் மில்மன் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1930-களில் யூகோசுலாவிய நாட்டு மலையூர்களில் அலைந்து, ஒற்றை நரம்பு யாழை மீட்டிக் கதை பாடுவோரின் பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவருள் அவ்தோ மெதேதோவிச் என்பவர் எழுதப் படிக்க அறியாதவர். அவர் பாட, அவர்கள் எழுதிக் கொண்ட ஒரு கதை மட்டும் பன்னீராயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. பாடகர் கதையை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை என்றும், ஒவ்வொரு முறையும் தாளத்தின் துணையால் புதிதாகக் கட்டுகிறார் என்றும் லார்டு 1960 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் காட்டினார். எங்கள் தெருமுனைப் பாடகரும் அவ்வாறே கட்டினார் என்பதை, ஒரே கதையை அவரிடம் இருமுறை கேட்டவர் எவரும் அறிவர்.

இனிச் சீன நாட்டுக்குச் செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் என் பேரன் தன் கைப்பேசியில் ஒரு சீனக் கலைஞரின் பதிவைக் காட்டினான். நீண்ட அங்கி அணிந்த ஒருவர் நின்றுகொண்டு இரு கைகளிலும் மூங்கிற் பலகைகளைத் தட்டியவாறு மூச்சுவிடாமல் ஏதோ சொல்லிக் கொண்டிருந்தார். எனக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் அவர் எந்த இடத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கப் போகிறார், எந்த இடத்தில் கதையை நிறுத்தி ஏங்கவைக்கப் போகிறார் என்பதை அத்தாளம் எனக்கு முன்கூட்டியே உணர்த்திற்று. “தாத்தா, உங்களுக்குச் சீன மொழி தெரியுமா?” என்று பேரன் வியந்து கேட்டான். “மொழி தெரியாதப்பா, ஆளைத் தெரியும்” என்றேன்.

அக்கலையின் பெயர் குவாய்பான். விரைந்த தாளக்கட்டை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வலக்கையில் பெரிய மூங்கிற் பலகைகள் இரண்டு. இடக்கையில் நூலில் கோத்த சிறிய பலகைகள் ஐந்து. ஆக ஏழு துண்டு மூங்கில். பெரியவை அழுத்தமான அடியைக் காட்டும். சிறியவை இடைவெளியை நிரப்பிச் சலசலக்கும். நம் பாகவதர்கள் கையிலுள்ள சப்ளாக்கட்டையை நினைவூட்டும் கருவி அது.

குவாய்பானுக்கு மூலம் ஷூலாய்பாவ் என்னும் பழைய கலை. ‘எண்ண எண்ணச் செல்வம் வரும்’ என்பது போன்ற பொருளுடையது அப்பெயர். அது இரவலரின் கலையாக இருந்தது. கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, அக்கடையின் சரக்கைப் புகழ்ந்து, அந்நேரத்திலேயே அடி கட்டித் தாளத்தோடு சொல்வார்கள். துணிக்கடையில் துணியின் மேன்மை; அரிசிக்கடையில் அரிசியின் வெண்மை; சவப்பெட்டி செய்யும் கடையாயினும் அதற்கும் ஒரு புகழ்ச்சி உண்டு. கடைக்காரர் காசு கொடுக்கும் வரையில் கட்டை ஓயாது. எங்கள் ஊர்ப் பாடகர் திண்ணையையும் பசுவையும் புகழ்ந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். ஒருவரை ஒருவர் கண்டறியாத இரு நாட்டு எளியோர் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பசித்தவன் நேரே கேட்டால் கதவு மூடப்படும். தாளத்தோடு கேட்டால் திறக்கும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. தமிழ்ப் பாட்டில் அடியின் தலைப்பில் ஓசை ஒத்து வரும். எதுகையும் மோனையும் அங்குதான் நிற்கும். ஆகவே ஓர் அடியைத் தொடங்கியதும் அடுத்த அடியின் முதற்சொல் பாடகரின் நாவில் தானே வந்து விழும். சீனப் பாட்டில் ஓசை அடியின் இறுதியில் ஒக்கும். ஆகவே கேட்பவர் முடிவுச் சொல்லை எதிர்நோக்கிக் காத்திருப்பர். பாடகர் அதனைச் சிறிது தாமதித்துச் சொல்வதில் சிரிப்புப் பிறக்கும். ஒன்று சொல்பவருக்கு ஊன்றுகோல். மற்றொன்று கேட்பவருக்குத் தூண்டில். சிந்துப் பாட்டில் இயைபுத் தொடையும் சேர்வதால் நம்மிடத்தும் அத்தூண்டில் இல்லாமல் இல்லை.

சீனத்தின் கதைசொல்லிகளை நம்மவருட் பலர் சிங்கப்பூரில் கண்டிருக்கக் கூடும். அங்கே ஆற்றங்கரையில் மாலை நேரத்தில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, கதைசொல்லி பழைய வீரர் கதைகளைத் தொடங்குவார். மூட்டை தூக்கி ஓய்ந்த கூலியாட்கள் மரப்பெட்டிகளின் மீது அமர்ந்து கேட்பர். வத்தி எரிந்து முடிந்ததும் கதை நிற்கும். காசு தண்டிய பின்னர் அடுத்த வத்தி எரியும். பிற்காலத்தில் இக்கதைகள் வானொலி ஒலிபரப்பிலும் புகுந்தன. லீ தாய் சோர் என்னும் கதைசொல்லி கான்டனீய வழக்கில் சொன்ன கதைகளை ரிடிஃபியூசன் ஒலிபரப்பில் கேட்க மக்கள் வேலையை நிறுத்திவிட்டு அமர்ந்தனர். 1979 ஆம் ஆண்டு அந்நாட்டில் மாண்டரின் மொழியைப் பேசுவோம் என்னும் இயக்கம் தொடங்கியது. அதன் பின் வட்டார வழக்குகளில் அமைந்த ஒலிபரப்புகள் படிப்படியாக நின்றன. கதைசொல்லியின் குரல் நன்றாகவே இருந்தது. அக்குரலுக்கு உரிய வழக்குத்தான் ஒலிபரப்பில் இடம் இழந்தது. ஒரு கலை இறப்பதற்குக் கலைஞர் இறக்க வேண்டும் என்பதில்லை. கேட்பவரின் காது மாறினால் போதும்.

ஆனால் இரவலரின் தாளம் இழிந்தது என்று கருதுவோர் இலக்கிய வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும். பாரதியார் 1908 முதல் 1918 வரை எங்கள் வானூருக்கு அருகே உள்ள புதுவையில் வாழ்ந்தார். அங்கிருந்தபோது பாஞ்சாலி சபதத்தை இயற்றினார். அதன் முதற்பாகம் 1912 ஆம் ஆண்டு வெளிவந்தது. கற்றோர் போற்றும் விருத்தங்களோடு நில்லாமல், அக்காவியத்தின் பெரும்பகுதிக்கு அவர் மேற்கொண்டது நொண்டிச் சிந்து. ஒற்றைக் காலைக் கட்டிக் கொண்டு ஆடிய நொண்டி நாடகக்காரரின் மெட்டு அது. குடுகுடுப்பைக்காரரின் ஓசையையும் அவர் விட்டுவைக்கவில்லை. புதிய கோணங்கி என்னும் பாட்டில் அவ்வோசையில் நாட்டின் வருங்காலத்தையே பாடினார். தெருவில் திரிந்த தாளம் ஒரு மகாகவியின் கையைப் பற்றிக் கொண்டு காவியத்துக்குள் நுழைந்தது.

சீனத்திலும் இவ்வாறு நிகழ்ந்தது. லி ருன்ஜியே என்பவர் இளமையில் வறுமையால் தெருவில் ஷூலாய்பாவ் பாடி வயிறு வளர்த்தவர். அவரே பின்னாளில், 1950-களில், தியன்சின் நகரில் அக்கலையை நீண்ட கதை சொல்லும் மேடைக்கலையாக உருவாக்கினார். அவர் வழியில் பயின்றோர் ஒரு மரபாகவே வளர்ந்தனர். பீக்கிங் நகரின் தியன்சியாவ் திடலில் பாடிப் பெயர்பெற்ற காவ் ஃபெங்ஷான் மற்றொரு மரபைத் தோற்றுவித்தார். கடைவாசலில் நின்ற கட்டை இவ்வாறு அரங்குக்கு வந்தது.

லி ருன்ஜியே பிறந்த அதே 1917 ஆம் ஆண்டில் நம் நாட்டில் பிறந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. கட்டபொம்மன் கதை, முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை முதலிய தென்பாண்டிக் கதைப்பாடல்களைத் தேடித் திருத்தி அச்சேறச் செய்தவர் அவர். கொங்கு நாட்டில் கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965 ஆம் ஆண்டு உடுக்கடிப் பாடகர் ஒருவரைப் பல இரவுகள் பாடச் செய்து, பொன்னர் சங்கராகிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். வில்லுப்பாட்டைப் பட்டிதொட்டியிலிருந்து நகர மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்த சுப்பு ஆறுமுகம் அவர்கள் 2021 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 ஆம் ஆண்டு மறைந்தார். இவர்களால் காப்பாற்றப்பட்டவை பல. காப்பாற்றுவாரின்றிப் பாடகரோடு சுடுகாட்டுக்குச் சென்றவற்றை யாரே எண்ணிச் சொல்ல வல்லார்?

இங்கே ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லாமல் விடுதல் நேர்மை ஆகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், எங்கள் வட்டாரத்தில் எஞ்சியிருந்த முதிய பாடகர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தேன். எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கருநாடக நவாபுகளின் வரலாறு நடந்து கொண்டிருந்த நேரம் அது. செய்தி பரவியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். “வாசலில் நின்று பிச்சை எடுப்பவரைப் பள்ளிக்கூடத்து மேடையில் ஏற்றலாமா? பிள்ளைகள் எதைக் கற்றுக் கொள்வார்கள்?” என்று கேட்டார். தீய எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். தம் பேரப்பிள்ளைகள் அலுவலகங்களில் நாற்காலியில் அமர வேண்டும் என்று விரும்பியவர். “அவர் பிச்சை எடுக்கவில்லை ஐயா, பாட்டைக் கொடுத்து அரிசியை வாங்கினார். நான் பாடத்தைக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, அவருக்கு வரவில்லை, வேறுபாடு அவ்வளவே” என்று கூறினேன். அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல இயலாது. ஆனால் குறித்த நாளில் அவரே முன்வரிசையில் வந்து அமர்ந்தார்.

பாடகர் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்று கொண்டு, எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார். உள்ளே நிற்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மேடைக்கு அழைத்து வந்த பின் ஒன்றரை மணி நேரம் பாடினார். மோவுத்துக்காரன் மாலையைக் கழற்றிய இடத்தில், எந்நேரமும் சலசலக்கும் கடைசி வரிசையிலும் ஓசை இல்லை. பாடி முடித்ததும் பழக்கத்தால் துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். மாணவத் தலைவியாக இருந்த சிறுமி, எவரும் சொல்லாமலே எழுந்து சென்று, அத்துண்டை எடுத்து மடித்து அவர் தோளில் இட்டாள். பிறகு உறையில் வைத்திருந்த ஊதியத்தை இரு கைகளாலும் நீட்டினாள். முதியவர் உறையைப் பிரிக்கவில்லை. அதனை உடுக்கையோடு சேர்த்து மார்பில் அணைத்தவாறு சிறிது நேரம் நின்றார்.

அன்று மாலை அவரோடு பேசிக் கொண்டிருந்தேன். “பெரியவரே, இக்கதையை உங்கள் மகனுக்குக் கற்றுக் கொடுத்தீர்களா?” என்று கேட்டேன். அவர் மகன் புதுவையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து வந்தான். அவர் சொன்ன விடையை அவர் வழக்கிலேயே சொல்கிறேன். “வேணாங்க ஐயா. இந்த உடுக்கை எனக்குச் சோறு போட்டுச்சு, மரியாதை போடலை. வாசல்ல நின்னு பாடுறது என்னோட போகட்டும். பாட்டு மட்டும் போகக் கூடாதுங்க.”

அன்பர்களே, அம்முதியவர் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பாட்டு, மற்றொன்று பாட்டைச் சூழ்ந்திருந்த வறுமை. பழங்கலை அழிகிறதே என்று நாம் வருந்தும்போது இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். நம் கண்ணுக்கும் காதுக்கும் இனிமை வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாசலில் நிற்க வேண்டும் என்று விரும்புவது அறம் ஆகாது. அக்குடும்பத்துப் பிள்ளை தொழிற்சாலைக்குச் செல்வது நல்லதே. ஆனால் அந்த வறுமை ஒழியும்போது பாட்டும் உடன் ஒழிய வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. சீனத்தின் மூங்கிற் கட்டை கடைவாசலை விட்டு நீங்கியும் ஒலிப்பதை நிறுத்தவில்லை. வாசலை விட்டபின் செல்ல அதற்கு ஓர் இடம் அமைந்தது, அதுவே காரணம்.

நம் உடுக்கை செல்லத்தக்க இடங்கள் எவை? முதலாவது இடம் பள்ளிக்கூடம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவ்வட்டாரத்துக் கதைப் பாடகரைப் பள்ளிக்கு அழைக்க வேண்டும். அன்பளிப்பு என்று சொல்லாமல் ஊதியம் என்று சொல்லி, ஒப்புச்சீட்டில் கையெழுத்துப் பெற்றுக் கொடுக்க வேண்டும். இரண்டாவது இடம் ஆசிரியப் பயிற்சி நிலையம். பாடத்தைத் தாளத்தில் வைத்துச் சொல்லும் திறத்தைப் பயிற்சி பெறும் ஆசிரியர்கள் இப்பாடகரிடம் நேரே கற்கலாம். பெருக்கல் வாய்பாடும் நாட்டு வரலாறும் உடுக்கையோடு வந்தால் மறக்குமா என்பதைச் செய்து பார்த்தே அறியலாம். மூன்றாவது இடம் இந்த வானொலி. முகம் காட்டாமல் குரலை மட்டும் வீடுதோறும் கொண்டு செல்லும் இக்கருவி, கதைப் பாடகருக்கென்றே அமைந்த தெரு. இங்கே எவரும் அவருடைய ஆடையைப் பார்ப்பதில்லை. பாட்டை மட்டுமே கேட்கிறார்கள்.

நான்காவதாக, நாம் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இன்று ஏறத்தாழ எல்லோர் கையிலும் ஒலியைப் பதியும் கருவி இருக்கிறது. பேராசிரியர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் பெரும் பெட்டிகளைச் சுமந்து வந்து செய்த வேலையை, ஒரு பள்ளி மாணவன் தன் பாட்டியின் அருகே அமர்ந்து செய்யலாம். பாடியவர் இன்னார், ஊர் இது, நாள் இது, யாரிடம் கற்றார் என்னும் நான்கு செய்திகளை முதலில் சொல்லிப் பதிய வேண்டும். கதையை இடையில் வெட்டாமல் முழுவதும் பதிய வேண்டும். பாடகர் ‘போதும்’ என்று சொல்லும் வரையில் நாம் போதும் என்று சொல்லலாகாது. பதிவின் ஒரு படியைப் பாடகரின் வீட்டுக்கே கொடுக்க வேண்டும். அப்பாட்டு முதலில் அவர்களுடைய சொத்து.

செஞ்சிக் கோட்டை 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் போர் அரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. எங்கள் மாவட்டத்துக்கு அது பெரும் பெருமை. இராசகிரியின் மதில்களைக் காண அயல்நாட்டார் வருவர். படிக்கட்டுகளைப் பழுது பார்ப்பர். அறிவிப்புப் பலகைகளை நடுவர். கல்லுக்குக் காவல் கிடைத்துவிட்டது. அக்கல்லின் மேல் ஒரு காலத்தில் ஓர் இளைஞன் நின்றான் என்பதையும், அவனுக்காக ஒரு நண்பன் மணமாலையைக் கழற்றினான் என்பதையும் அக்கல் சொல்லாது. பாட்டுத்தான் சொல்லும். கோட்டையைக் காண வருவோர் இறங்கி வரும்போது, அடிவாரத்து மரநிழலில் ஒரு பாடகர் மதிப்போடு அமர்ந்து உடுக்கையைத் தட்டி அக்கதையைச் சொல்ல ஓர் இடம் அமையுமாயின், அக்கல்லும் உயிர் பெறும்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். முதுமையால் ஊர் சுற்றுவதை விட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். உடுக்கையின் தோல் தளர்ந்து பரணில் கிடக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். இத்தனை காலம் அவர் நம் வாசலுக்கு வந்தார். இனி நாம் அவர் வாசலுக்குச் செல்வதே முறை.